ஏழாம் படி

இணைப்பைத் தொட்டால் போதும், எதையும் நிறுவ வேண்டாம்
என்றுதான் சொல்லியிருந்தேன்.
ஃபுஜைரா. கடல்நீர் ஆலைக்குப் பின்னால்
விடுதியின் சாப்பாட்டு அறை.
மேசைகளைச் சுவரோரம் தள்ளி
நடுவில் இடம் விட்டோம்,
ஒரு பம்ப் நிற்கிற அளவுக்கு.

வைஃபை ஒற்றைக் கோடு.
பிரவுசரில் முதலில் வந்தவை போல்ட்டுகள்,
பன்னிரண்டும் வட்டமாக
எதையும் இறுக்காமல் அந்தரத்தில்.
பிறகு உடல்.
கடைசியாக, மனசில்லாமல், நிழல்.
ஜெர்மனில் எழுதி ஆங்கிலத்தில் தூசி படிந்த
நானூறு பக்கம்
இப்போது என் குரலில் பேசுகிறது:
படி ஒன்று. மின்சாரத்தைத் துண்டிக்கவும்.
பூட்டவும். சாவி உங்கள் பையில் இருக்கட்டும்.

இருதயராஜ் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.
எண்பத்தைந்து நியூட்டன் மீட்டர் என்றதும்
"அதுக்கு முழங்கை எவ்வளவு நோகும் மேடம்?" என்றார்.
எனக்குத் தெரியவில்லை.
எழுதி வைத்துக்கொண்டேன்.

படி ஏழு.
இடப்பக்க வால்வைக் கால் சுற்றுத் திருப்பவும்.

அவர் திருப்பவில்லை.
கழுத்தை உள்ளிழுத்து
இடது முழங்காலைத் தரையில் ஊன்றி
தோளை ஒருக்களித்து
அங்கே இல்லாத ஏதோ ஒன்றின் அடியில்
கையை விட்டார்.
தட்டோடு நின்றவர்கள் சிரித்தார்கள்.
அவருடைய ஷிப்ட்டில் வேலை பார்த்த இரண்டு பேர் சிரிக்கவில்லை.

"என்ன தேடுறீங்க?"

"தேடல. இங்க ஒரு பைப் போகுது.
வரைபடத்துல இருக்காது, முந்தின கான்ட்ராக்ட்காரன் போட்டது.
நிமிந்தா மண்டையில ஒட்டிக்கும்."
கண்ணாடியைக் கழற்றாமலேயே
காதுக்கு மேல் விரல் வைத்துக் காட்டினார்.
அங்கே இரண்டு அங்குலம் முடி இல்லை.

மறுநாள் குழாயைச் சேர்த்தேன்.
சாம்பல் நிற உருளை, ஏழு வரி நிரல்.
சூட்டைச் சேர்க்க வழியில்லை,
அதனால் சிவப்பு.
தலை தொட்டால் என் குரல்: குனியவும்.
அவர் மறுபடி மாட்டிப் பார்த்து
"இன்னும் நாலு விரல் கீழ" என்றார்.
நாலு விரல் இறக்கினேன்.

அதற்குப் பின் முப்பத்தோரு பேர்.
ஜனக்பூர், சியால்கோட், முதுகுளத்தூர்.
குரலை மாற்றினோம், குழாய் அதேதான்.
எல்லோரும் இடது முழங்கால்.

பிப்ரவரி ஷட்டவுனில்
அந்தக் குழாயை அறுத்து எடுத்துவிட்டார்கள்.
எனக்குச் சொல்ல வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?
இருதயராஜ் அதற்குள் ஜுபைலில்.

வேறு வேலையாக ஆலைக்குப் போனபோது பார்த்தேன்.
நிஜ பம்ப், நிஜ வெயில், பக்கத்தில் தாராளமான காற்று.
லோகேந்திரா என்ற பையன்
கழுத்தை உள்ளிழுத்து
கொதிக்கிற இரும்பு வலைத்தரையில் முழங்கால் ஊன்றி
ஒன்றுமில்லாததன் அடியில் கையை விட்டு
அழகாகக் கால் சுற்றுத் திருப்பினான்.
"ஏன் குனியற?"
எழுந்தான். பேன்ட்டின் முட்டியில் கட்டம் கட்டமாக அச்சு.
"மேனுவல்ல அப்படித்தானே," என்றான் இந்தியில்,
தப்பாகச் செய்துவிட்டோமோ என்ற முகத்தோடு.

அன்று மாலையே ஏழு வரியையும் அழித்தேன்.
சோதிக்க நானே மாட்டிப் பார்த்தேன்.
ஏழாம் படியில் குழாய் இல்லை.
என் கழுத்து குனிந்தது.

ஆனால் ஒருமுறை திறந்த போன்களில்
ஒரு பிரதி தங்கிவிடும்,
சிக்னல் இல்லாத இடத்திலும் திறக்கட்டும் என்று
நான்தான் செய்தேன்.
அதற்கு ஒரு பாராட்டுச் சான்றிதழும் தந்தார்கள்.
பக்கத்தைப் புதுப்பிக்கும்வரை
அந்தக் குழாய் அவர்கள் சட்டைப் பையில்
சிவப்பாக இருந்துகொண்டிருக்கும்.

நான்கு மொழியில் செய்தி அனுப்பினேன்:
புதுப்பிக்கவும். ஏழில் குனிய வேண்டாம்.

பதினொரு பேர் பார்த்துவிட்டார்கள்.
ஜுபைலிலிருந்து ஒரு கட்டைவிரல்.
மற்றவர்கள் ஷிப்ட்டில்.